மகளின் முழங்கால்

2023ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்து ஒரு சனிக்கிழமை மாலை கொழும்பிலிருந்து ரெலிபோன் வந்தது. வலைப்பந்தாட்டப் போட்டியில் என் மகள் விழுந்துவிட்டாள், முழங்கால் வீங்கியிருக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை என்று அவளோடு விளையாடும் பெண்ணொருத்தி கூறினாள். ரெலிபோனை வைத்துவிட்டு விறாந்தைக் கதிரையில் அமர்ந்தேன். அந்தச் சில நிமிடங்களில் என் மனத்தில் ஓர் எண்ணம் எழுந்தது. அதனை இங்கே மறைக்கப் போவதில்லை. ஆயினும் அதனைச் சொல்வதற்கு முன் அவளுடைய விளையாட்டைப் பற்றியும் முழங்காலைப் பற்றியும் சில விஷயங்களைச் சொல்லியாக வேண்டும்.

நான் முப்பத்திரண்டு ஆண்டுகள் கணிதம் படிப்பித்து ஓய்வு பெற்றவன். மானிப்பாய்க்கு அணித்தான ஒரு கிராமம் எங்களுடையது. மகள் 1996இல் பிறந்தவள். 2009ஆம் ஆண்டில் இலங்கை அணி ஆசிய வலைப்பந்தாட்டச் சம்பியனாகியபோது அவளுக்கு வயது பதின்மூன்று. யுத்தம் முடிந்த ஆண்டு அது. பத்திரிகை என்றாலே மரணச் செய்திகளின் தொகுதி என்று பழகிப்போயிருந்த எங்கள் வீட்டில், யாழ்ப்பாணத்துப் பெண்ணான தர்ஜினி சிவலிங்கத்தின் படத்தை வெட்டி எடுத்து அவள் அலுமாரிக் கதவின் உட்புறத்தில் ஒட்டினாள். ஆறடிக்கு மேல் இன்னும் பல அங்குலம் உயர்ந்து நின்ற அந்தப் பெண்ணைப் போல் வளர வேண்டுமென்று படலைக் கப்பில் தன் உயரத்தைக் கீறி வைத்ததும் ஞாபகத்தில் இருக்கிறது. அவ்வளவுக்கு வளரவில்லை. ஆனால் மைதானத்தின் நடுவில் நின்று இரு பக்கமும் ஓடும் 'சென்டர்' ஆட்டத்துக்கு உயரத்திலும் பார்க்கக் காலும் சுவாசமும் அதிகம் வேண்டும். அவை அவளிடம் இருந்தன.

அந்தக் கால்களே அவளுக்கு உத்தியோகத்தையும் பெற்றுக் கொடுத்தன. கொழும்பில் பெருங் கொம்பனிகள் தமக்கென விளையாட்டு அணிகளை வைத்திருப்பதும், திறமையுள்ளவர்களை எழுதுவினைஞர் பதவியில் அமர்த்தி, மாலையில் கொம்பனியின் பெயர் பொறித்த சட்டையுடன் மைதானத்தில் இறக்குவதும் நம் வாசகர்கள் அறிந்ததே. மகளும் அவ்வாறே சேர்ந்தாள். ஆண்டுக்கொருமுறை புதுப்பிக்கப்படும் ஒப்பந்தம். காலை எட்டரை முதல் மாலை நாலரை வரை மேசை வேலை. அதன் பின் இருட்டும் வரை பயிற்சி. சம்பளம் மேசை வேலைக்கு மட்டுமே. பயிற்சிக்கு யாதும் இல்லையா என்று நான் ஒருமுறை வினவியபோது, "அது விளையாட்டுத்தானே, அப்பா" என்று சிரித்தாள். அக்காலத்தில் எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

விபத்து நேர்ந்த விதத்தை அவள் பலமுறை சொல்லிக் காட்டியிருக்கிறாள். ஒருவரும் அவளை இடிக்கவில்லை. ஓடிக்கொண்டே எழும்பிப் பந்தைப் பிடித்தாள். வலது காலால் சீமெந்துத் தரையில் இறங்கினாள். பந்தை எறிவதற்காக உடம்பைத் திருப்பினாள். உடம்பு திரும்பிற்று, பாதம் திரும்பவில்லை. பச்சைத் தடி முறிவதுபோல் உள்ளே ஒரு சத்தம். அவ்வளவுதான். வலைப்பந்தாட்டத்தில் பந்தைப் பிடித்தவள் முதலில் ஊன்றிய காலை எடுத்துவிட்டால், பந்தை விடுமுன் அதனை மீண்டும் ஊன்றலாகாது. மூன்று விநாடிக்குள் பந்து கையைவிட்டுப் போகவும் வேண்டும். ஆகவே முழு வேகத்தில் ஓடி வருபவள் ஒரே அடியில் நின்றாக வேண்டும். அந்த வேகம் எங்கே போகும்? முழங்காலுக்குள்தான் போகும். தொடையெலும்பையும் கணைக்கால் எலும்பையும் பிணைத்து, சிலுவைபோல் ஒன்றையொன்று குறுக்கிட்டு நிற்கும் இரண்டு நார்கள் மூட்டினுள்ளே உள. கீழெலும்பு முன்னோக்கி வழுகாமலும், மூட்டு முறுகாமலும் காப்பது முன் சிலுவை நார். அதுவே அறுந்தது. ஒரே வகை விளையாட்டை ஆடும் ஆண்களிலும் பார்க்கப் பெண்களுக்கு இந்நார் அறுவது பன்மடங்கு அதிகம் என்பதை நான் பின்னரே படித்து அறிந்தேன்.

இன்னொன்றையும் படித்தேன், ஆசிரியர்களான வாசகர்களுக்கு அது பயன்படும். எழும்பி இறங்கும்போது முழங்காலை மடக்கி மெதுவாக இறங்கவும், முழங்கால் உள்நோக்கிச் சாயாமல் பாத விரலுக்கு நேரே நிற்கவும் பழக்கினால், தொடையின் பின்தசைக்கு வலுவூட்டினால், இவ்விபத்துகளில் பெரும் பங்கைத் தவிர்க்கலாம். நாளொன்றுக்குப் பதினைந்து இருபது நிமிடப் பயிற்சி. செலவு ஒரு சதமும் இல்லை. என் மகள் பதினான்கு ஆண்டுகள் விளையாடினாள், எத்தனையோ கேடயங்களைத் தூக்கினாள், எத்தனையோ அதிபர்களோடும் முகாமையாளர்களோடும் நின்று படமெடுத்தாள். எப்படி இறங்குவது என்று அவளுக்கு ஒருவரேனும் சொல்லிக் கொடுத்ததில்லை.

அவ்வாண்டின் முற்பகுதியில் வடக்குப் புகையிரதப் பாதை திருத்த வேலைக்காக மூடப்பட்டிருந்தது. இரவு பஸ்ஸில், பின்னாசனத்தில் காலை நீட்டியபடி, நானூறு கிலோமீற்றர் தூரத்தைக் கடந்து வீடு வந்து சேர்ந்தாள். முழங்கால் இளநீர்க் குரும்பை அளவில் வீங்கியிருந்தது. என் தமக்கை வந்து பார்த்தாள். முறிவு நெரிவு வைத்தியரிடம் கொண்டு போய் எண்ணெய் போட்டுக் கட்டாவிட்டால் தான் இந்தப் படலையை இனி மிதிப்பதில்லை என்றாள். பகுத்தறிவு பேசும் எனக்குக் கோபம் வந்தது. மனைவி தடுத்தாள். போனோம்.

அங்கே நான் எதிர்பார்த்தது நடக்கவில்லை. அந்த வயோதிபர் ஒரு நாழிகை நேரம் இரண்டு முழங்கால்களையும் மாறி மாறித் தடவினார். பின்பு தொடையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மற்றக் கையால் கீழ்க்காலை முன்னே மெதுவாக இழுத்துப் பார்த்தார். "இது எண்ணெய்க்குப் பிடிபடாது, மாஸ்ரர். உள்ளுக்கை பிடிப்பு விட்டுப் போச்சு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கோ" என்றார். காசு வாங்க மறுத்துவிட்டார். ஆஸ்பத்திரியில் இளம் டொக்டர் செய்த முதற் பரிசோதனையும் இதே இழுப்புத்தான். பெயர் மட்டும் வேறு. மூட்டின் வெளியே உள்ள நார்கள் பல, கட்டிப் போட்டால் தாமாகவே கூடிவிடும். மூட்டினுள்ளே நீரில் நனைந்து கிடக்கும் இந்த நாரின் அறுந்த முனைகளிடையே இரத்தம் கட்டிப் பாலமாகி நிற்க முடிவதில்லை. பெரும்பாலும் அது கூடுவதில்லை. வைத்தியருக்கு இந்தக் காரணம் தெரிந்திராது. ஆனால் தம் தொழிலின் எல்லை அவருக்குத் தெரிந்திருந்தது.

காந்தப் படம் எடுக்க ஆஸ்பத்திரியில் மாதக் கணக்கில் காத்திருக்க வேண்டுமென்றார்கள். வெளியே காசு கட்டி எடுத்தோம். அறிக்கை இங்கிலீசில் இருந்தது. மகள் அதனை வாசித்தாள், விளங்கவில்லை. நான் வாசித்தேன், பாதி விளங்கிற்று. அவள் தாயோ எங்கள் இருவரின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில்தான் டொக்டர் சாமுவேல் கிறீன் ஒரு காலத்தில் இருந்தார். 1847இல் அமெரிக்காவிலிருந்து யாழ்ப்பாணம் வந்த அந்த மிஷனரி, மானிப்பாயில் மாணவர்களுக்கு மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே படிப்பித்தார். உடற்கூற்று நூலை 'மனுஷ அங்காதிபாதம்' என்ற பெயரில் 1872இல் தமிழில் வெளியிட்டார். அவர் மதத்தைப் பற்றி நமக்குப் பேச்சில்லை. ஒன்றரை நூற்றாண்டு கழிந்த பின், அதே மானிப்பாயில், ஒரு தாய் தன் மகளின் முழங்காலில் எது அறுந்தது என்பதை அறியப் பிறர் முகத்தைப் பார்த்து நிற்கிறாள். அன்றிரவு இரண்டு தும்புக் கயிறுகளையும் இரண்டு விறகுக் கட்டைகளையும் கொண்டு அவளுக்கு விளக்கினேன். "இவ்வளவுதானே, இதை ஏன் அவையள் சொல்லேல்லை?" என்று கேட்டாள்.

மார்ச் மாத முடிவில் கொம்பனியின் கடிதம் வந்தது. நாட்டின் பொருளாதார நிலை காரணமாக ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க இயலாமைக்கு வருந்துவதாகவும், அவளுடைய எதிர்கால முயற்சிகள் வெற்றி பெற வாழ்த்துவதாகவும் எழுதியிருந்தார்கள். முழங்காலைப் பற்றி ஒரு சொல் இல்லை. 1934ஆம் ஆண்டிலிருந்தே இந்நாட்டில் வேலையாட்கள் நட்ட ஈட்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. வேலையினால், வேலை நேரத்தில் நேரும் காயத்துக்கு முதலாளி பொறுப்பு என்பதே அதன் சாரம். மகள் அதனைக் காட்டி எழுதினாள். விளையாட்டு அவளுடைய கடமைகளுள் ஒன்றல்ல, அது அவள் தன் விருப்பத்தின் பேரில் ஈடுபட்ட பொழுதுபோக்கு என்று பதில் வந்தது. அவளை வேலைக்கு எடுத்த நாளில் மேசை வேலையைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. எத்தனை போட்டிகளில் ஆடினாய் என்றே கேட்டார்கள். சேர்க்கும்போது அது வேலை, காயம்பட்டால் விளையாட்டு. ஈற்றில், நல்லெண்ணத்தின் அடையாளமாக, காந்தப் படத்துக்கான செலவை மட்டும் அனுப்பினார்கள். அந்தக் காசைத் திருப்பி அனுப்ப வேண்டுமென்று நான் குதித்தேன். "எங்களுக்குக் காசு வேணும், அப்பா" என்றாள் மகள். அவள் சொன்னதே சரி.

சத்திரசிகிச்சை யூலை மாதத்தில் அரசாங்க ஆஸ்பத்திரியில் நடந்தது. சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை. ஆனால் முந்திய ஆண்டின் நெருக்கடி ஆஸ்பத்திரிகளை இன்னும் விட்டபாடில்லை. நாரைப் பொருத்துவதற்கான சிறு திருகுகளை வெளியே வாங்கித் தரும்படி கேட்டார்கள். என் இரண்டு மாத ஓய்வூதியம் அதிலே போயிற்று. பக்கத்துக் கட்டிலில் கிடந்த சீவல் தொழிலாளியின் மகனுக்கும் அதே வகைத் திருகு வேண்டியிருந்தது. ஓய்வூதியமில்லாத வீடு அது. அவர்கள் அதனை எவ்வாறு வாங்கினார்கள் என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.

தொடையின் பின்புறத்துத் தசைகளிலிருந்து இரண்டு மெல்லிய நாண்களை எடுத்து, மடித்து, அறுந்த நாரின் இடத்தில் வைத்துப் பொருத்தினார்கள். மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். உண்மையான வேலை அதன் பின்னரே தொடங்கிற்று. ஆஸ்பத்திரியின் இயன்மருத்துவர் ஓர் இளம்பெண். கிழமைக்கு ஒருமுறை, வரிசையில் காத்திருந்தால், இருபது நிமிடம் கிடைக்கும். நல்ல தமிழில் அனைத்தையும் சொல்லுவாள். "எல்லாரும் மடக்கிறதைப் பற்றித்தான் கவலைப்படுகினம். முதலிலை நீட்ட வேணும். முழுக்க நீட்டேலாத காலாலை ஆயுள் முழுக்க நொண்டித்தான் நடக்க வேணும்" என்று அவள் முதல் நாளே கூறிவிட்டாள். மிகுதி ஆறு நாளும் வீட்டின் பொறுப்பு.

வீட்டின் பொறுப்பு என்றால் என் பொறுப்பு என்று நான் எடுத்துக்கொண்டேன். கரும்பலகையில் நேரசூசி எழுதினேன். குதிக்காலின் கீழே சுருட்டிய துவாயை வைத்து, முழங்கால் தன் பாரத்தாலேயே நேராகும்படி பத்து நிமிடம். தொடையை இறுக்கிப் பத்து எண்ணும் வரை பிடித்தல். நீட்டிய காலைத் தூக்குதல். சுவரிலே பாதத்தை வழுக்கி மடக்குதல். மனைவி பழஞ் சேலையில் பைகள் தைத்து, மணல் நிரப்பி, அரைக் கிலோ, ஒரு கிலோ, இரண்டு கிலோ என்று நிறுத்து வைத்தாள். என் பழைய றலி சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி, விறாந்தையிலேயே மிதிக்க வைத்தோம். பாரம் கூட்ட வேண்டுமானால் பிறேக்கை நான் சற்று இறுக்கிப் பிடிப்பேன். தொடையின் சுற்றளவைத் தையல் நாடாவால் அளந்தபோது வலது தொடை இடதிலும் நான்கு சென்ரிமீற்றர் மெலிந்திருந்தது. முழங்கால் மடியும் கோணத்தை அளக்க, பாடசாலையிலிருந்து ஓய்வு பெற்ற நாளில் மாணவர்கள் பரிசாகக் கொடுத்த பெரிய மரப் பாகைமானி இருந்தது. இரண்டாம் கிழமை எண்பது பாகை. ஆறாம் கிழமை நூற்றுப் பதினைந்து. கொப்பியில் வரைபு கீறினேன். எனக்கு, வெட்கத்தை விட்டுச் சொன்னால், அது மகிழ்ச்சியாகவே இருந்தது. ஓய்வு பெற்ற ஆசிரியனுக்கு மீண்டும் ஒரு மாணவி கிடைத்துவிட்டாள்.

இனத்தவர்கள் வந்து போனார்கள். தோடம்பழமும் நெஸ்ரமோல்ற்றும் கொண்டு வந்தார்கள். புறப்படும்போது மனைவியைக் குசினிப் பக்கம் அழைத்துத் தாழ்ந்த குரலில் பேசினார்கள். காலில் வெட்டுத் தழும்பு எவ்வளவு நீளம். கலியாணம் பேசுகிற இடத்தில் இதனைச் சொல்ல வேண்டுமா. இருபத்தேழு வயதில் இன்னும் பந்து எறியத்தான் வேண்டுமா. மனைவி ஒன்றும் சொல்லவில்லை. பாடசாலை நாளில் அவளும் ஓட்டக்காரி. பெரியபிள்ளையான நாளோடு அவளுடைய ஓட்டம் நின்றுவிட்டது. அதை அவள் எனக்குச் சொன்னது கலியாணமாகி இருபது ஆண்டுகளின் பின்.

இனி, அந்த எண்ணத்தைச் சொல்கிறேன். ரெலிபோனை வைத்துவிட்டுக் கதிரையில் அமர்ந்தபோது, மகளின் வேதனையைப் பற்றிய நினைவுக்கு அருகிலேயே இன்னொரு நினைவும் வந்து அமர்ந்தது: 'இத்தோடு விளையாட்டு முடிந்தது, இனி ஒரு கலியாணத்தைப் பார்க்கலாம்.' அது துக்கமாக வரவில்லை, ஆறுதலாக வந்தது. மார்ச் எட்டாந் திகதிகளில் எங்கள் வாசிகசாலை மண்டபத்தில் பெண் விடுதலையைப் பற்றி நான் எத்தனையோ தடவை பேசியிருக்கிறேன். கைதட்டல்களும் வாங்கியிருக்கிறேன். மகளின் நார் அறுந்த செய்தி கேட்டு ஆறுதல் அடைந்தவனும் அதே மனிதன்தான். ஒரு கணம்தான் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக் கொண்டேன். ஒரு கணத்தில் தோன்றுவது ஒரு கணத்தில் உண்டானதா?

ஒக்ரோபர் மாதம். சத்திரசிகிச்சை முடிந்து மூன்று மாதம். வலி இல்லை, வீக்கம் இல்லை, நடை சீராகிவிட்டது. இந்தக் கட்டமே ஆபத்தானது. உடம்பு, வைத்துப் பொருத்திய நாணைத் தனதாக்கிக்கொள்வதற்காக உள்ளே அதனைப் பிரித்துப் புதுப்பிக்கும் வேலையில் ஈடுபட்டிருக்கும் காலம் அது. புதிதாய் வைத்த நாளில் இருந்த வலுக்கூட அப்போது அதற்கு இராது. வெளியே கால் சுகமாகிவிட்டது போலத் தோன்றும். உள்ளே நார் மிகமிகப் பலவீனமாக இருக்கும். ஒரு மாலை அயல் வீட்டுப் பிள்ளைகளின் பந்து கிடுகு வேலிக்கு மேலாக வந்தது. விறாந்தைப் படியில் நின்ற மகள் சிந்திக்கவேயில்லை; எழும்பி அதனை ஆகாயத்திலேயே பிடித்தாள். இறங்கினாள். ஒன்றும் நேரவில்லை. நான் கொப்பியை எறிந்துவிட்டுக் கத்தினேன். அறிவில்லையா என்றேன். இரண்டு மாத ஓய்வூதியம் என்றேன். பிள்ளைகள் பந்தை மறந்து ஓடிவிட்டார்கள்.

அவள் சற்று நேரம் பேசாமல் நின்றாள். "பிழைதான். பாயக் கூடாதுதான்" என்றாள். பின்பு, "ஆனால் நீங்கள் கத்தினது என்ரை காலுக்காக இல்லை, அப்பா. உங்களுக்கு என்ரை கால் ஒரு கேத்திரகணிதக் கணக்கு. நான் பஸ்ஸாலை இறங்கின அண்டு உங்கடை முகத்தைப் பாத்தனான். நான் இனி விளையாட மாட்டன் எண்டு உங்களுக்கு ஒரு நிம்மதி. கால் நேராகினால் காணும் உங்களுக்கு. எனக்குக் காணாது" என்றாள்.

மறுத்துப் பேச வாய் திறந்தேன். முப்பத்திரண்டு ஆண்டு வகுப்பறையில் நின்றவனுக்குச் சொல்லுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அவள் தாய் குசினி வாசலில் வந்து நின்றாள். அவள் முகத்தைப் பார்த்ததும் நான் சொல்ல நினைத்தது தொண்டையிலேயே நின்றுவிட்டது. "ஓம், பிள்ளை. அப்பிடித்தான் நினைச்சனான்" என்றேன்.

இரண்டு நாள் எங்களிடையே பேச்சில்லை. மூன்றாம் நாட் காலை அவளே நேரசூசியை அழித்துத் தன் கையெழுத்தில் எழுதியிருந்தாள். சைக்கிள், மணற் பை, ஒற்றைக் காலில் நிற்றல் எல்லாம் இருந்தன. கடைசி வரியில், 'பந்து - அப்பா எறிய வேண்டும்' என்றிருந்தது. அறுபத்தாறு வயதில் நான் வலைப்பந்து எறியப் பழகினேன். நெஞ்சருகில் இரு கைகளாலும் பிடித்து, விரல்களால் தள்ளி, ஒரு காலடி முன்னே வைத்து எறிய வேண்டும். முதற் கிழமை பந்து கிணற்றடி வாழைக்குள் போயிற்று. அவள் நின்ற இடத்திலேயே நின்று பிடித்தாள். பின்னர் ஒற்றைக் காலில் நின்று பிடித்தாள். ஐந்தாம் மாதம் மெல்ல ஓடியபடி பிடித்தாள். பாகைமானி சுவரிலே தொங்கிற்று. சில நாட்களில் என் எறிதலைப் பார்த்து அவள் சிரித்த சிரிப்பில், பாடசாலையில் என்னிடம் கணக்குப் பிழைத்துத் தலை குனிந்து நின்ற பிள்ளைகள் நினைவுக்கு வந்தார்கள்.

ஆறாம் மாதத்தில் ஒரு சோதனை வந்தது. மாவட்டப் போட்டி ஒன்றுக்கு ஊர்க் கழகத்தார் வந்து அழைத்தார்கள். அரை நேரம் ஆடினால் போதும் என்றார்கள். ஒன்பது மாதத்துக்கு முன் மைதானத்துக்குத் திரும்புவோருக்கு நார் மீண்டும் அறுவது மிக அதிகம் என்பது ஆராய்ச்சிகளில் கண்ட உண்மை. ஒன்பது மாதம் வரை பிந்தும் ஒவ்வொரு மாதமும் அந்த ஆபத்தைப் பெருமளவு குறைக்கிறது. இது எனக்குத் தெரியும். நான் இதைச் சொல்லவில்லை. சொன்னால் எந்த அப்பா பேசுகிறார் என்று அவள் ஐயுறுவாள், அந்த ஐயத்தை நானே சம்பாதித்திருந்தேன். விறாந்தையில் இருந்து கொண்டு பத்திரிகையை ஒரே பக்கத்தில் அரை மணித்தியாலம் பிடித்திருந்தேன். அவள் அவர்களிடம் மூன்று மாதம் கழித்து வரச் சொன்னாள். அந்த மூன்று மாதத்துக்குள் உங்கள் சிறுமிகளை என்னிடம் அனுப்புங்கள், எப்படி இறங்குவது என்று காட்டுகிறேன் என்றாள். சனிக்கிழமைகளில் எங்கள் முற்றம் நிறைந்தது. பதினொரு பிள்ளைகள், முழங்காலை மடக்கி, வாங்கிலிலிருந்து சத்தமில்லாமல் குதித்தார்கள். சத்தம் கேட்டால் மறுபடியும் ஏற வேண்டும்.

2024 ஏப்பிரல், புதுவருடத்துக்கு முந்திய கிழமை. பாடசாலைச் சீமெந்துத் தளத்தில் வெண்கட்டியால் கோடு கீறினேன். ஒற்றைக் காலில் நின்று எழும்பிப் பாய்ந்து, அதே காலில் இறங்கி, தள்ளாடாமல் நிற்க வேண்டும். சுகமான காலின் தூரத்தோடு ஒப்பிடும்போது காயப்பட்ட கால் நூற்றுக்குத் தொண்ணூறாவது எட்ட வேண்டும் என்று இயன்மருத்துவர் சொல்லியிருந்தாள். இடது காலில் நூற்று நாற்பத்திரண்டு சென்ரிமீற்றர். வலது காலில் மூன்று தடவை பாய்ந்தாள். ஆகக் கூடியது நூற்று இருபத்தொன்று. நூற்றுக்கு எண்பத்தைந்து. நூற்று இருபத்தெட்டு வேண்டும். ஏழு சென்ரிமீற்றர் குறைவு.

அளவு நாடாவை நான் இரண்டாம் முறையும் வைத்துப் பார்த்தேன். சற்று இழுத்துப் பிடித்தால் ஒன்றிரண்டு கூடும்; அவ்வாறு செய்ய மனம் வந்தது.

"எவ்வளவு, அப்பா?"

சொன்னேன்.

அவள் குனிந்து வெண்கட்டிக் கோட்டைப் பார்த்தாள். முழங்காலின் தழும்பில் ஒட்டியிருந்த தூசியைக் கையால் தட்டினாள். "இன்னும் ஆறு கிழமை எடுக்கும்" என்றாள். பின்பு தளத்தின் மறு கோடிக்கு நடந்து போய்த் திரும்பி நின்று இரு கைகளையும் உயர்த்தினாள். நான் பந்தை எடுத்து நெஞ்சருகில் பிடித்தேன்.